இரண்டு கேபிள் போட்டும் வேகம் ஏறவில்லையா? மேனேஜ்டு சுவிட்ச் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

சுவிட்சின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால், சம்பந்தப்பட்ட போர்ட்டுகளின் கவுண்டர்களை (போன, வந்த, பிழையான ஃப்ரேம்களின், அதாவது தரவுத் துண்டுகளின், எண்ணிக்கை) பாருங்கள். ஒரு தடவை குறித்துக்கொண்டு, பிரச்சினை நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு தடவை பாருங்கள். பல வருஷமாக அணைக்காமல் ஓடும் சுவிட்சில் பிழை எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, இப்போது ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

பார்க்க வேண்டியவை நான்கு. சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த ஃப்ரேம்) ஏறினால் கேபிள், டிரான்ஸீவர், அல்லது டூப்ளெக்ஸ் பொருந்தாமை (ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறும், மறுமுனை மாறி மாறிச் செய்யும்). வெளியே அனுப்பும் பக்கம் டிராப் (கைவிடப்பட்ட ஃப்ரேம்) ஏறினால் நெரிசல். பாஸ் ஃப்ரேம் (கொஞ்சம் நிறுத்து என்ற செய்தி) ஏறினால் எதிர்ப்பக்கம் யாரோ மூச்சுத் திணறுகிறார். ஒவ்வொரு போர்ட்டிலும் உள்ளே வந்த, வெளியே போன பைட் எவ்வளவு என்பது நான்காவது, எல்ஏஜி (பல லிங்க்கைச் சேர்த்து ஒன்றாக்கிய குழு) விஷயத்தில் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். நான்கிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் கம்பியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, அமைப்பில்தான் தேட வேண்டும்.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

"இரண்டு 1 ஜிகாபிட் போர்ட்டைச் சேர்த்தேன், ஃபைல் காப்பி இன்னும் 110 மெகாபைட்டிலேயே நிற்கிறது"

லிங்க் அக்ரிகேஷன் பற்றி வரும் புகார்களில் இதுதான் முதலிடம், இது கோளாறே இல்லை. ஒரு ஜிகாபிட் லிங்க்கில் சாதாரண 1500 பைட் எம்டியு (ஒரு ஃப்ரேம் சுமக்கும் அதிகபட்சத் தரவு) வைத்து டிசிபி ஓட்டினால் கிடைப்பது ஏறக்குறைய 940 மெகாபிட், அதாவது நொடிக்கு 117 மெகாபைட் வரை. உங்கள் காப்பி அங்கே முட்டி நிற்கிறது என்றால் ஒரு லிங்க் முழுசாக வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டாவது லிங்க் அந்த ஒரு காப்பிக்கு உதவாது, உதவும்படி அது வடிவமைக்கப்படவும் இல்லை.

2000இல் 802.3ஏடி என்று வந்து, 2008இல் 802.1ஏஎக்ஸ் என்று இடம் மாறிய இந்தத் தரநிலையின் முக்கியமான நிபந்தனை, ஒரே உரையாடலைச் சேர்ந்த ஃப்ரேம்கள் வரிசை மாறாமல் போய்ச் சேர வேண்டும் என்பது. ஃப்ரேம்களை இதில் ஒன்று அதில் ஒன்று என்று பிரித்துப் போட்டால் சில முந்திக்கொண்டு வரும். டிசிபி அதைப் பாக்கெட் தொலைந்ததாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் சுவிட்ச் ஒவ்வொரு ஃப்ரேமின் முகவரிகளையும் எடுத்து ஒரு ஹாஷ் கணக்குப் போட்டு, விடையைப் பொறுத்து ஒரு லிங்க்கைத் தேர்ந்தெடுக்கிறது. முகவரி மாறாதவரை விடையும் மாறாது, ஆகவே ஒரு இணைப்பு எப்போதும் ஒரே லிங்க்கில்தான் போகும். எல்ஏஜி என்பது சாலையை அகலப்படுத்துவது. ஒரே ஒரு வண்டி ஓடுகிறது என்றால் அகலத்தால் அதற்கு என்ன லாபம்?

உறுதிப்படுத்திக்கொள்ள, இரண்டு தனித்தனிக் கணினிகளிலிருந்து ஒரே சர்வரை நோக்கி ஒரே நேரத்தில் ஐபெர்ஃப்3 (வேகம் அளக்கும் நிரல்) ஓட்டுங்கள், அப்புறம் போர்ட் கவுண்டர்களைப் பாருங்கள். ஒரே கணினியிலிருந்து பல ஸ்ட்ரீம் விட்டும் சோதிக்கலாம், ஆனால் ஹாஷ் கணக்கில் போர்ட் எண் சேர்க்கப்பட்டிருந்தால்தான் அந்த ஸ்ட்ரீம்கள் பிரியும். மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) மட்டும் பார்க்கும் ஹாஷுக்கு நூறு ஸ்ட்ரீமும் ஒன்றுதான். 10 ஜிகாபிட்டுக்கு மேல் சோதிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், ஐபெர்ஃப்3 அதன் 3.16 பதிப்புக்கு முன்பு வரை எத்தனை ஸ்ட்ரீம் கேட்டாலும் ஒரே த்ரெட்டில்தான் ஓடியது, ஆகவே பழைய பதிப்பில் முட்டி நிற்பது உங்கள் சிபியுவாக இருக்கலாம்.

ஒரே இணைப்புக்கு வேகம் வேண்டும் என்றால் வழி வேறு. விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கு எஸ்எம்பி மல்டிசேனல் இருக்கிறது, அது தானே பல இணைப்புகளைத் திறந்து பல நெட்வொர்க் கார்டுகளில் பிரித்துக்கொள்ளும், எல்ஏஜி தேவையில்லை. ஐஸ்கஸி (நெட்வொர்க் வழி டிஸ்க்) சேமிப்பகத்துக்கு மல்ட்டிபாத், அதாவது பல பாதைகளை ஒன்றாகப் பயன்படுத்துவது. லினக்ஸ் பாண்டிங்கில் (கார்டுகளைச் சேர்க்கும் லினக்ஸ் வசதி) ரவுண்ட் ராபின் முறை ஒன்று இருக்கிறது, அது ஒரே இணைப்பையும் பிரித்துப் போடும், ஆனால் மேலே சொன்ன வரிசைப் பிரச்சினையை அப்படியே விலைக்கு வாங்குவீர்கள், நான் பரிந்துரைக்க மாட்டேன். என்னைக் கேட்டால் கார்டையும் சுவிட்சையும் 2.5 அல்லது 10 ஜிகாபிட்டுக்கு மாற்றிவிடுவதுதான் நேர்வழி. 2016இல் வந்த 802.3பிஇசட் தரநிலைப்படி 2.5 ஜிகாபிட் ஏற்கெனவே இழுத்திருக்கும் கேட் 5ஈ கேபிளிலேயே 100 மீட்டர் வரை ஓடும்.

"பல பேர் பயன்படுத்துகிறார்கள், ஆனாலும் ஒரு லிங்க் நிரம்பி வழிகிறது, மற்றது சும்மா கிடக்கிறது"

இது நிஜமான பிரச்சினை, பெரும்பாலும் சரிசெய்யக் கூடியதும்கூட. காரணம் ஹாஷுக்கு என்ன தீனி போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

மிகப் பொதுவான நிலைமை இது. சுவிட்சில் ஹாஷ் மேக் முகவரியை வைத்துப் போடப்படுகிறது, எல்ஏஜி போவது ஒரு ரௌட்டருக்கு. வேறு சப்நெட்டுக்குப் போகும் எல்லா ஃப்ரேமிலும் சேருமிட மேக் ரௌட்டருடையதுதான். சேருமிட மேக்கை மட்டும் பார்க்கும் ஹாஷ் என்றால் மொத்த டிராஃபிக்கும் ஒரே லிங்க். எதிர்ப்பக்கம் ரௌட்டர் மூல மேக்கைப் பார்த்துப் பிரிக்கிறது என்றால் அங்கேயும் இதே கதை, மூலம் எப்போதும் ரௌட்டரே. மூல, சேருமிட ஐபி இரண்டையும், முடிந்தால் டிசிபி, யுடிபி போர்ட் எண்களையும் சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு மாற்றுங்கள். லினக்ஸ் பாண்டிங்கில் ஒன்றும் சொல்லாவிட்டால் லேயர் 2 முறைதான் (மேக்கை வைத்து) இருக்கும், அதை லேயர் 3+4 (ஐபியும் போர்ட் எண்ணும்) ஆக மாற்ற வேண்டும். லேயர் 3+4 தரநிலைக்கு நூறு சதவீதம் ஒத்துவருவதில்லை என்று லினக்ஸ் ஆவணமே சொல்கிறது, துண்டாக்கப்பட்ட பாக்கெட்டுகளில் போர்ட் எண் எல்லாத் துண்டிலும் இருக்காது என்பதால். பெரும்பாலான இடங்களில் இது ஒரு பிரச்சினையாக வருவதில்லை.

இங்கே பலரும் தவறவிடும் விஷயம்: ஹாஷ் முறை பற்றி இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. ஒவ்வொரு முனையும் தான் அனுப்பும் திசைக்கு மட்டும் முடிவெடுக்கிறது. சுவிட்சில் எவ்வளவு மாற்றினாலும் சர்வர் சுவிட்சுக்கு அனுப்பும் டிராஃபிக் மாறாது, அதைச் சர்வரில்தான் மாற்ற வேண்டும். உள்ளே வரும் பைட்டும் வெளியே போகும் பைட்டும் தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பது உடனே தெரியும், எந்தக் கருவியைத் திறக்க வேண்டும் என்பதும் தெரியும்.

முறையை மாற்றியும் சமமாகவில்லையா? இணைப்புகள் குறைவாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். இரண்டு லிங்க், இரண்டு பெரிய இணைப்பு என்றால் இரண்டும் ஒரே லிங்க்கில் விழ சரிபாதி வாய்ப்பு உண்டு, சுவிட்ச் எந்த லிங்க்கில் எவ்வளவு சுமை என்று பார்த்துப் பிரிப்பதில்லை. பேக்கப் போல ஒரு ராட்சத இணைப்பு ஓடும்போது அது விழுந்த லிங்க் நிரம்பும், கூடவே அதே லிங்க்கில் மாட்டிக்கொண்ட சின்ன இணைப்புகளும் அவதிப்படும். அப்புறம், சில சுவிட்சுகள் ஹாஷ் விடையை 8 கூறுகளாக மட்டும் பிரிக்கும். அவற்றில் மூன்று லிங்க் சேர்த்தால் பங்கு 3:3:2 என்று வரும். 2, 4, 8 என்று போனால் அந்தச் சாய்வு இல்லை.

இரண்டு அடுக்கு சுவிட்ச் இருந்து இரண்டிலும் ஒரே ஹாஷ் ஓடினால், முதல் அடுக்கு ஏற்கெனவே ஒரே வகையாகப் பிரித்து அனுப்பியதை இரண்டாவது அடுக்கு மீண்டும் அதே கணக்கில் பிரிக்கும், சில லிங்க்குகளுக்கு எதுவுமே வராது. ஒரு அடுக்கில் முறையையோ, வசதி இருந்தால் ஹாஷின் ஸீட் (தொடக்க) எண்ணையோ மாற்றினால் சரியாகிவிடும்.

"எல்ஏஜி எழவே இல்லை, அல்லது ஒரு போர்ட் மட்டும் சேர மறுக்கிறது"

முதலில் இரு பக்கமும் எந்த முறை என்று பாருங்கள். எல்ஏசிபியில் (இரு முனைகளும் பேசி எல்ஏஜியை அமைக்கும் நெறிமுறை) ஆக்டிவ், பாஸிவ் என்று இரண்டு உண்டு. பாஸிவ் தானாகப் பேசத் தொடங்காது, கேட்டால் பதில் சொல்லும். இரு பக்கமும் பாஸிவ் என்றால் இருவரும் மற்றவர் தொடங்கட்டும் என்று காத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு பக்கமாவது ஆக்டிவ் வேண்டும், இரு பக்கமும் ஆக்டிவாக வைத்தாலும் தப்பில்லை.

லினக்ஸ் சர்வர் என்றால் பாண்டிங் நிலைக் கோப்பில் எதிர்ப்பக்க மேக் என்ன என்று பாருங்கள். 00:00:00:00:00:00 என்று இருந்தால் எதிரில் எல்ஏசிபி பேசும் யாரும் இல்லை: சுவிட்சில் ஸ்டாட்டிக் (எல்ஏசிபி இல்லாமல் கையால் அமைத்த எல்ஏஜி) போட்டிருப்பீர்கள், அல்லது கேபிள் வேறு போர்ட்டில் இருக்கும். அதே கோப்பில் இரண்டு கார்டுகளுக்கும் அக்ரிகேட்டர் எண் வேறு வேறாக இருந்தால், இரண்டு கேபிளும் இரண்டு தனித்தனிக் குழுக்களுக்கோ இரண்டு தனி சுவிட்சுகளுக்கோ போகின்றன. அதில் ஒரு குழு மட்டும்தான் வேலை செய்யும்.

ஒரே ஒரு போர்ட் அடம்பிடித்தால் வேகம் (ஒன்று மட்டும் 100 மெகாபிட்டில் எழுந்திருக்கலாம்), டூப்ளெக்ஸ், விலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) பட்டியல், நேட்டிவ் விலான் (டேக் இல்லாத ஃப்ரேம் சேரும் விலான்), எம்டியு என்று வரிசையாக ஒப்பிடுங்கள். முதலில் எல்ஏஜியை உருவாக்கி, விலான் அமைப்பை அந்தக் குழு இடைமுகத்தில் மட்டும் போட்டு, கடைசியில் கேபிளைச் செருகுவதுதான் தலைவலி இல்லாத வழி. உறுப்பினர் போர்ட்டுகளைத் தனித்தனியாகத் திருத்தினால் என்றாவது ஒன்று விலகிப் போகும்.

விஎம்வேரில் சாதாரண விர்ச்சுவல் சுவிட்சுக்கு எல்ஏசிபி தெரியாது, அது டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்சில் மட்டும்தான். சாதாரணமானதில் ஐபி ஹாஷ் முறை வைத்தால் எதிரில் ஸ்டாட்டிக் எல்ஏஜிதான் போட வேண்டும்.

"ஒரு ஐபிக்குப் பிங் போகிறது, பக்கத்து ஐபிக்குப் போகவில்லை"

எல்ஏஜி இருக்கும் இடத்தில் இப்படி ஒரு விசித்திரம் கேட்டால், உறுப்பினர் லிங்க் ஒன்று செத்தும் சாகாமல் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஹாஷ்படி அந்த லிங்க்கில் விழும் முகவரி ஜோடிகளுக்கு மட்டும் இருட்டு, மற்றவர்களுக்கு எல்லாம் நலம். நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (செப்புக் கம்பியையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி) இருந்தாலோ ஃபைபரின் ஒரு இழை மட்டும் அறுந்தாலோ இப்படி ஆகும், ஏனென்றால் போர்ட் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஸ்டாட்டிக் எல்ஏஜிக்கு விளக்கு எரிந்தால் போதும், கேள்வி கேட்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்ஏசிபி அப்படியல்ல, எதிர்ப்பக்கச் செய்தி வராவிட்டால் அந்த லிங்க்கைக் குழுவிலிருந்து விலக்கிவிடும். மெதுவான முறையில் 30 நொடிக்கு ஒரு செய்தி, மூன்று தவறினால்தான் முடிவு, ஆக 90 நொடி. வேகமான முறையில் நொடிக்கு ஒன்று, 3 நொடியில் முடிவு. ஸ்டாட்டிக் வைக்க வேறு வழியில்லை என்றால் ஒழிய நான் எப்போதும் எல்ஏசிபிதான் என்பேன்.

உடனடிச் சோதனை: உறுப்பினர் போர்ட்டுகளை ஒவ்வொன்றாக நிர்வாக ரீதியில் அணைத்துப் பாருங்கள். எதை அணைத்தால் எல்லோருக்கும் பிங் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

"மேக் முகவரி தாவுகிறது என்று லாக் நிரம்புகிறது"

ஒரு பக்கம் ஸ்டாட்டிக் எல்ஏஜி, மறுபக்கம் வெறும் தனித்தனிப் போர்ட்டுகள் என்றால் இது வரும். ஒரே சர்வரின் மேக்கை சுவிட்ச் இந்தப் போர்ட்டிலும் அந்தப் போர்ட்டிலும் மாறி மாறிக் கற்றுக்கொள்ளும். இரண்டு தனி சுவிட்சுகளுக்கு ஒரு எல்ஏஜியை இழுத்தாலும் இதே கதி. அவை ஸ்டாக் (ஒரே சுவிட்சாக இணைப்பு) ஆகியிருக்க வேண்டும், அல்லது எம்எல்ஏஜி வகை வசதி (எல்ஏஜி விஷயத்தில் இரண்டும் ஒன்றுபோல நடிப்பது) இரண்டிலும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் சர்வரில் ஆக்டிவ் பேக்கப் (ஒரு லிங்க் ஓடும், மற்றது காத்திருக்கும்) வைத்துக்கொண்டு திருப்தியாக இருங்கள், அதற்கு சுவிட்சில் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

எல்ஏஜியே இல்லாத இடத்தில் மேக் தாவினால் பெரும்பாலும் லூப்தான் (ஃப்ரேம்கள் சுற்றிச் சுற்றி வரும் வளையம்), அதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ எங்கே அணைக்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள்.

"சராசரி பயன்பாடு 20 சதவீதம்தான், ஆனாலும் டிராப் ஏறுகிறது, குரல் அழைப்பு வெட்டி வெட்டி வருகிறது"

ஐந்து நிமிடச் சராசரி வரைபடத்தை நம்பாதீர்கள். 10 ஜிகாபிட் போர்ட்டிலிருந்து வரும் தரவு 1 ஜிகாபிட் போர்ட் வழியே வெளியேற வேண்டும் என்றால், நொடிக்கு 9 ஜிகாபிட் பஃபரில் தேங்கும். அந்தப் போர்ட்டுக்கு 1 மெகாபைட் பஃபர் இருந்தால் ஒரு மில்லிநொடிக்குள் நிரம்பிவிடும். வரைபடத்தில் அது ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது, டிராப் கவுண்டரில் மட்டும் தெரியும்.

கியூஓஎஸ் (டிராஃபிக்குக்கு முன்னுரிமை தரும் வசதி) இங்கே உதவும், ஆனால் அது புதிதாக அலைவரிசையை உண்டாக்காது, யாரை முதலில் கைவிடுவது என்று மட்டும் தீர்மானிக்கும். குரல் பாக்கெட்டுகள் வழக்கமாக டிஎஸ்சிபி 46 என்ற குறியோடு வரும். விலான் டேக்கில் இருக்கும் முன்னுரிமை வேறு, அது 3 பிட், 0 முதல் 7 வரை. டிஎஸ்சிபி ஐபி தலைப்பில் இருப்பது, 6 பிட், 0 முதல் 63 வரை. போர்ட் எதை நம்புகிறது என்று பாருங்கள். டேக்கை மட்டும் நம்பும் போர்ட்டில் டேக் இல்லாத ஃப்ரேம் வந்தால் டிஎஸ்சிபி 46 இருந்தும் கடைசி வரிசைக்குத்தான் போகும். எதையும் நம்பாத போர்ட்டில், சுவிட்சைப் பொறுத்து, குறியே அழிக்கப்பட்டுவிடலாம். குறியீடு வழியில் எங்கே தொலைகிறது என்பதை இரண்டு முனையிலும் பாக்கெட் பிடித்துப் பார்த்தால் சீக்கிரம் தெரியும், மெனுவை வெறித்துப் பார்ப்பதைவிட அது நல்லது.

குரலுக்கு ஸ்ட்ரிக்ட் முன்னுரிமை கொடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் அதே வரிசையில் தள்ளாதீர்கள். அந்த வரிசை காலியாகும்வரை மற்றவற்றுக்கு வாய்ப்பே வராது. இன்னொன்று, சில சுவிட்சுகளில் கியூஓஎஸ்ஸை இயக்கியவுடன் டிராப் கூடும். பொதுவாக இருந்த பஃபர் வரிசைவாரியாகக் கூறுபோடப்பட்டு, டிராஃபிக் அதிகமாக விழும் வரிசைக்குச் சின்னப் பங்கு கிடைப்பதுதான் காரணம். எந்த வரிசையில் டிராப் என்று பார்த்து அதன் பங்கைக் கூட்டுங்கள்.

"ஒரே ஒரு மெதுவான கருவி இருக்கிறது, அது வேலை செய்யும்போதெல்லாம் எல்லோரும் மெதுவாகிறார்கள்"

ஃப்ளோ கண்ட்ரோல். மெதுவான கருவி பாஸ் ஃப்ரேம் அனுப்பி சுவிட்சை நிறுத்தச் சொல்கிறது. சுவிட்சின் பஃபர் நிரம்பியதும் அது மூலத்துக்குப் பாஸ் அனுப்புகிறது. 802.3எக்ஸ் பாஸ் என்பது மொத்த லிங்க்கையும் நிறுத்தும், இந்த இணைப்பை மட்டும் என்று பிரிக்காது, ஆகவே அந்தச் சர்வரிலிருந்து மற்றவர்களுக்குப் போவதும் நிற்கும். பாஸ் கவுண்டர் ஏறினால் சுவிட்சுகளுக்கு இடையேயான லிங்க்குகளில் முதலில் அணையுங்கள்.

"வீடியோ ஸ்ட்ரீம் நன்றாகத் தொடங்கி நான்கு நிமிடம் கழித்து நின்றுவிடுகிறது"

இப்படி நேரம் சொல்லி ஒருவர் புகார் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இயங்குகிறது, குவெரியர் இல்லை. மல்டிகாஸ்ட் (ஒரே ஸ்ட்ரீமைப் பலர் பெறும்) குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று குவெரியர் வழக்கமாக 125 நொடிக்கு ஒரு தடவை கேட்கும், பதில்களை ஒட்டுக்கேட்டு சுவிட்ச் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும். கேட்க ஆளில்லை என்றால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், 260 நொடி கழித்துப் பட்டியலில் இருந்து பெயர் நீங்கிவிடும். அந்த 260, இரண்டு கேள்வி இடைவெளியும் பதிலுக்கான 10 நொடியும் சேர்ந்தது. அந்த விலானில் ஒரு சுவிட்சிலோ ரௌட்டரிலோ குவெரியரை இயக்குங்கள். ஸ்னூப்பிங்கை அணைத்தாலும் வீடியோ ஓடும், ஆனால் எல்லாப் போர்ட்டுக்கும் வெள்ளமாகப் பாயும்.

"எல்லாப் போர்ட் விளக்கும் ஒரே மாதிரி சிமிட்டுகிறது"

லூப் இல்லை என்று உறுதியானால், அறியாத யூனிகாஸ்ட் வெள்ளமா என்று பாருங்கள். சுவிட்ச் ஒரு மேக்கை வழக்கமாக 300 நொடி நினைவில் வைத்திருக்கும், ரௌட்டரின் ஏஆர்பி அட்டவணை (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல்) அதைவிட நீண்ட நேரம் வைத்திருக்கலாம். போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருக்கும் அமைப்பில், சுவிட்ச் மறந்துபோன மேக்குக்கு ரௌட்டர் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும், சுவிட்ச் எல்லா வழியிலும் இறைத்துவிடும். ஏஆர்பி காலத்தை மேக் காலத்தைவிடக் குறைத்தால் நிற்கும்.

ஸ்டார்ம் கண்ட்ரோல் (வெள்ளமாகப் பாயும் டிராஃபிக்குக்கு வரம்பு வைக்கும் வசதி) இந்த மாதிரி நேரத்தில் சேதத்தைக் குறைக்கும். 1 சதவீதம் ஜிகாபிட்டில் 10 மெகாபிட், மிகச்சிறிய 64 பைட் ஃப்ரேம் என்றால் நொடிக்கு 14,880. வரம்பை மிகவும் இறுக்கினால் நியாயமான ஏஆர்பியும் டிஹெச்சிபியும் (கணினிகளுக்கு ஐபி வழங்குவது) சேர்ந்து அடிபடும். ஸ்பானிங் ட்ரீயை அணைத்துவிட்டு ஸ்டார்ம் கண்ட்ரோலை மட்டும் நம்புவது வேலைக்கு ஆகாது.

"பிங் போகிறது, பெரிய ஃபைல் போட்டால் உறைந்துவிடுகிறது"

ஜம்போ ஃப்ரேம் (வழக்கமான 1500க்குப் பதில் 9000 பைட் எம்டியு). வழியில் ஒரு சுவிட்சாவது 9000த்தை ஏற்கவில்லை. லேயர் 2 சுவிட்ச் பெரிய ஃப்ரேமைத் துண்டாக்காது, யாருக்கும் சொல்லாமல் போட்டுவிடும். துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 8972 பைட்டில் பிங் அடியுங்கள் (தலைப்புகள் 28 சேர்ந்து 9000). சுவிட்சுகளில் 9216 என்று கிடைத்தால் அதையே வையுங்கள், முனைக் கருவிகளில் 9000.

"கணினி துவங்கும்போது ஐபி கிடைப்பதில்லை, அரை நிமிடம் கழித்து மறுபடி கேட்டால் கிடைக்கிறது"

பழைய ஸ்பானிங் ட்ரீயில் போர்ட் எழுந்ததும் கேட்கும் நிலை 15 நொடி, கற்கும் நிலை 15 நொடி. அதற்குள் டிஹெச்சிபி களைத்துப்போகும். முனைக் கருவி இருக்கும் போர்ட்டில் எட்ஜ் போர்ட் வசதியை (காத்திருக்காமல் உடனே திறப்பது) இயக்கி, கூடவே பிபிடியு கார்டு என்ற பாதுகாப்பையும் போடுங்கள், யாராவது அங்கே சுவிட்சைச் செருகினால் போர்ட் மூடிக்கொள்ளும்.

"ஜிகாபிட் போர்ட் 100இல் எழுகிறது"

கேபிள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். சுவிட்சில் கேபிள் சோதனை இருந்தால் எந்த ஜோடி எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்று ஏறக்குறைய சொல்லிவிடும். போர்ட் வேகத்தைக் கையால் 1000 என்று நிறுத்தி வைக்க முயலாதீர்கள், செப்புக் கம்பியில் ஜிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம்.

"எல்லாம் சரிசெய்தேன், மின்சாரம் போய் வந்ததும் பழையபடி ஆகிவிட்டது"

ஓடும் அமைப்பை மாற்றினீர்கள், துவக்க அமைப்பில் சேமிக்கவில்லை. சில வலை இடைமுகங்களில் 'அப்ளை' வேறு, 'சேவ்' வேறு பொத்தான், சேவ் மேலே ஒரு மூலையில் சின்னதாக இருக்கும்.